மூன்றாவது இழுப்பறை

கௌனஸ் நகரில் பனி இறுகும் மாதங்களில்
எங்கள் எலும்பு முறிவு வார்டில்
ஒரு கட்டிலும் காலியிருக்காது.
இடுப்பு, மணிக்கட்டு, கணுக்கால்.
ஒற்றைக் கால் பூட்ஸோடு வருவார்கள்,
பல்செட்டை மறந்து வருவார்கள்,
போனை மட்டும் கையில் இறுக்கியிருப்பார்கள்.
சார்ஜரோடு விழுந்தவர் என்று
பதினாறு வருடத்தில் ஒருவரும் இல்லை.

மறுநாள் வீட்டிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள்.
ஊன்றுகோலோடு கிளம்பும்போது
அது சுவரிலேயே தங்கிவிடும்.
அப்படி நிறைந்தது
செவிலியர் மேசையின் மூன்றாவது இழுப்பறை.
குண்டூசி மூக்கு வைத்தவை.
பழைய டேப்லெட்டுக்கான சீப்பு அகலத்தது ஒன்று.
ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் சின்னது:
இருட்டில் முதல் தடவை தப்பும்,
திருப்பினால் இரண்டாம் தடவையும் தப்பும்,
மறுபடி திருப்பினால் போகும்,
ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்புறம், எட்டுக் கோடு போட்ட நாக்கு.
அது எங்களிடம் ஒன்றே ஒன்றுதான்.
வேண்டியவர்கள் இருவர்.
ஜன்னலைத் திற என்னும் ஸ்டாசே,
ஜன்னலை மூடு என்னும் லியோனார்டா.
முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.
"அந்தம்மாவுக்கு முடிந்ததா, கேள்."
"முடியவில்லை என்று சொல்."
நடுவில் நாலடி தூரம். தூது நான்.

ஐந்தாம் இரவு
ஸ்டாசே தானே பிடுங்கினாள்,
முப்பத்தொரு சதவீதத்தில்.
"கொண்டுபோய்க் கொடு.
இல்லாவிட்டால் என் போனைக் கேட்பாள்,
நார்வேயிலிருக்கும் மகனோடு
விடிய விடியப் பேசுவாள், என் காசில்."
லியோனார்டா அப்படி
ஒருநாளும் கேட்டதில்லை.
காலையில் பார்த்தேன்,
ஜன்னல் பாதி திறந்திருந்தது.

பிறகு சட்டம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்.
மேல் இல்லை, கீழ் இல்லை,
எப்படிச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும்.
ஆஸ்பத்திரி பன்னிரண்டு வயர் வாங்கித் தந்தது,
வெள்ளை வெளேரென்று.
ஒரு மாதத்தில் மிச்சம் மூன்று.
அப்போதுதான் எனக்கு உறைத்தது,
முன்பெல்லாம் யாரும் யாருடையதையும் எடுக்காதது
நல்ல குணத்தால் அல்ல,
பொருந்தாததால்.
இப்போது மூன்றின் கழுத்திலும் பிளாஸ்டர் ஒட்டி
அறை எண் எழுதியிருக்கிறேன்,
பிரசவ வார்டில் குழந்தை கைக்குக் கட்டுவதுபோல.

இழுப்பறையைக் காலிசெய்ய மேலிடத்திலிருந்து படிவம்.
எடை: இரண்டு கிலோ முந்நூறு கிராம்.
ஷிப்ட் முடிகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று இரவே வந்தார் யூர்கிஸ்,
டிராலிபஸ் நிறுத்தத்தில் வழுக்கியவர்.
கையில் பட்டன் போன். உயிரில்லை.
கணினியில் இருந்த வீட்டு எண்ணை அடித்தால்
அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.
"மனைவியின் நம்பர்?"
"அது இதற்குத்தான் தெரியும்" என்று
போனைக் காட்டினார்.

நிலவறையில் பச்சைத் தொட்டி.
ஒன்றைப் பிடித்து இழுத்தால்
மொத்தமும் எழுந்து வருகிறது,
விலாங்குகள் பின்னிக்கொண்டதுபோல.
பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை.
அப்படியே தோளில் போட்டுக்கொண்டு
நாலு மாடி ஏறினேன்.
குண்டூசி மூக்கில் இரண்டு ஜாதி.
தடியானது முட்டி நின்றது.
மெலிந்தது போனது.

திரையில் ஒன்றுமில்லை.
அவர் போனைப் பார்க்கிறார்,
நான் சுவரைப் பார்க்கிறேன்.
காலில் கம்பி ஏற்றிய பக்கத்துக் கட்டில் பையன்
தன் புதுப் போனை நெஞ்சில் கவிழ்த்துவிட்டு
எங்களைப் பார்க்கிறான்.
பிறகு வெறும் பெட்டி ஒன்று தெரிந்தது.
அதற்குள் ஒரு கோடு.
அழிந்தது.
மறுபடி ஒரு கோடு.

"கொஞ்சம் பொறு" என்றார் யூர்கிஸ்.
எனக்குச் சொன்னாரா, போனுக்கா, தெரியவில்லை.
"இந்நேரம் சூப்பை
இரண்டாம் தடவை சூடாக்கியிருப்பாள்."